ஜாடிக்குள் கிடக்கும் பென்னியைப் படிப்பது எப்படி? லிங்கன் ஒரு சென்ட் காசுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் சில்லறை போட்டு வைக்கும் ஜாடி ஒன்று இருக்கும். அதில் பாதிக்கு மேல் பென்னிதான், அதாவது ஒரு சென்ட் காசு. கடையில் மீதியாக வாங்கிப் பையில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் ஜாடியில் கொட்டி, அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்காத காசு அது. 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்து நிறுத்திவிட்டார்கள். 1793இல் தொடங்கிய ஒரு சென்ட் வரிசை 232 ஆண்டுகளுக்குப் பிறகு நின்றது. ஒரு பென்னியை அடிக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானது. காரணம் அதுதான்.

அந்தச் செய்தி வந்ததிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "எங்கள் வீட்டில் ஒரு ஜாடி நிறையப் பென்னி இருக்கிறது, எவ்வளவு தேறும்?" உங்கள் பென்னி லட்சக்கணக்கில் போகும் என்று ஆசை காட்டும் காணொளிகளும் பெருகிவிட்டன. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய எல்லாப் பென்னியும் ஒரு சென்ட்தான். அடிப்பதை நிறுத்தியதால் விலை ஏறிவிடாது; கோடானுகோடிப் பென்னிகள் இன்னும் ஜாடிகளிலும் இழுப்பறைகளிலும் கிடக்கின்றன. ஆனால் அந்தக் குவியலில் ஒன்றிரண்டு வேறு மாதிரி இருக்கலாம். அவற்றைக் கண்டுபிடிக்க அதிர்ஷ்டம் கொஞ்சம் வேண்டும், பார்க்கத் தெரிவது நிறைய வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கையில் என்ன வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய லென்ஸ், நகைக்கடையில் வைத்திருப்பது போல 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு மேசை விளக்கு, அடியில் விரிக்க மெத்தென்ற துணி. இவ்வளவு போதும். காசை எப்போதும் விளிம்பைப் பிடித்துத் தூக்கப் பழகுங்கள். முகத்தில் விரல் பட்டால் வியர்வைத் தடம் செம்பில் பதிந்துவிடும், பிறகு போகாது.

முதல் படி: திருப்பிப் போட்டுப் பிரிப்பது

பூவா தலையா என்று சுண்டுவோமே, அதே சொற்களை வைத்துக்கொள்வோம். பென்னியின் தலைப்பக்கம் ஆபிரகாம் லிங்கன். லித்துவேனியாவில் பிறந்து நியூயார்க்குக்கு வந்த விக்டர் டேவிட் பிரென்னர் என்ற சிற்பி செதுக்கிய முகம். லிங்கனின் நூற்றாண்டான 1909இல் வெளிவந்தது. புழக்கத்துக்கான அமெரிக்கக் காசில் ஒரு குடியரசுத் தலைவரின் முகம் ஏறியது அதுதான் முதல் முறை. நூறாண்டுக்கும் மேலாக அந்த முகம் அதே இடத்தில் இருக்கிறது. மாறியதெல்லாம் பூப்பக்கம்தான். அதனால் எல்லாக் காசையும் பூப்பக்கம் மேலே தெரியும்படி பரப்பி வையுங்கள்.

இரண்டு கோதுமைக் கதிர்கள் இருந்தால் 1909 முதல் 1958 வரை. தூண்கள் வைத்த கட்டடம் என்றால் 1959 முதல் 2008 வரை. வாஷிங்டனில் உள்ள லிங்கன் நினைவகம் அது. பிராங்க் காஸ்பாரோ வரைந்தது. நல்ல காசை லென்ஸில் பார்த்தால் நடுத்தூண்களுக்கு இடையே லிங்கன் உட்கார்ந்திருக்கும் சிலைகூடத் தெரியும். ஆக, அந்த ஐம்பது ஆண்டுக் காசில் இரு பக்கமும் லிங்கன்தான். 2009இல் மட்டும் அவர் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு வெவ்வேறு படங்கள்: கென்டக்கியின் மரக்குடிசை, இண்டியானாவில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் இளைஞன், இல்லினாய் வழக்கறிஞர், குவிமாடம் முடியாத நாடாளுமன்றக் கட்டடம். 2010இலிருந்து கேடயம்.

கோதுமைக் கதிர் உள்ளவற்றை முழுக்கத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சாதாரண ஆண்டுகள் தேய்ந்த நிலையில் சில சென்ட்தான் போகும் என்றாலும், மதிப்புள்ள பழைய காசுகள் ஒளிந்திருப்பது இந்தக் குவியலில்தான்.

அதில் தேட வேண்டியது என்ன? 1909 காசின் பூப்பக்கத்தில், அடி விளிம்பை ஒட்டி, பிரென்னர் தன் பெயரின் முதலெழுத்துகளான வி.டி.பி. என்பதைப் போட்டிருந்தார். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று எதிர்ப்பு வந்து, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். (1918இல் திரும்ப வந்தன, லிங்கனின் தோளோரத்தில் பொடி எழுத்தாக.) சான் பிரான்சிஸ்கோவில் அடித்த, வி.டி.பி. உள்ள 1909 காசுகள் மொத்தம் 4,84,000 மட்டுமே. தேய்ந்து போனதுகூட நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கும். ஆண்டுக்கு அடியில் உள்ள எழுத்து, காசை அடித்த நாணயச்சாலையைக் காட்டும்: டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ. 1914 டி, 1931 எஸ் ஆகியவையும் குறைவு. 1922 வேறு கதை. அந்த ஆண்டு டென்வர் மட்டும்தான் பென்னி அடித்தது. எனவே எல்லாக் காசிலும் டி இருக்க வேண்டும். அச்சு தேய்ந்தும் அடைத்தும் போய், டி எழுத்தே விழாமல் சில காசுகள் வந்துவிட்டன. டி இல்லாத 1922 என்று அவற்றைத் தனியாகத் தேடுகிறார்கள்.

இதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். செவ்வாய்க் கோளில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தி, கேமராவின் அளவைச் சரிபார்க்க ஒரு காசை எடுத்துப் போயிருக்கிறது. வி.டி.பி. உள்ள 1909 பென்னிதான் அது.

இரண்டாம் படி: தராசில் வைப்பது

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை 1982 காசுகளைப் பொறுக்குவது. காரணம் இருக்கிறது. அதுவரை, 1943 நீங்கலாக, லிங்கன் பென்னியில் 95 சதவீதம் செம்பு. செம்பின் விலை ஏறிக்கொண்டே போனதால், அந்த ஆண்டின் நடுவிலேயே உலோகத்தை மாற்றினார்கள். உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு, மொத்தத்தில் 97.5 சதவீதம் துத்தநாகம், 2.5 சதவீதம் செம்பு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். எடை காட்டிக்கொடுத்துவிடும். பழைய செம்புக் காசு 3.11 கிராம், புதியது 2.5 கிராம். தேய்மானத்தால் சிறிது முன்பின் இருக்கலாம், ஆனால் இரண்டும் குழம்புகிற அளவுக்கு நெருங்காது. தராசு இல்லாவிட்டால் மேசையில் சுண்டிப் போட்டுக் கேளுங்கள். செம்பு 'டிங்' என்று மணி போல நீளும். துத்தநாகம் 'டக்' என்று அடங்கிவிடும். பத்துக் காசு கேட்டால் காது பழகிவிடும்.

1982இல் மாறியது உலோகம் மட்டுமல்ல. ஆண்டு எண்ணும் பெரியது, சிறியது என இரண்டு வடிவத்தில் வந்தது. கடைசி 2ஐப் பாருங்கள். கழுத்து நேராக இறங்கினால் பெரிய எண், வளைந்து இறங்கினால் சிறிய எண். பெரிய எண் விளிம்பை ஒட்டி நிற்கும். எழுத்து இல்லாத காசு, டி எழுத்துக் காசு, செம்பு, துத்தநாகம், பெரிய எண், சிறிய எண் என்று சேர்த்துப் பார்த்தால் எட்டு வகை வர வேண்டும். முறையாக அடித்தவை ஏழுதான். டி எழுத்து, சிறிய எண், செம்பு என்ற எட்டாவது வகை இல்லவே இல்லை என்றுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2016இல் ஒன்று கிடைத்தது. மிச்சமிருந்த செம்பு வில்லை (இன்னும் உருவம் அடிக்காத வெற்று வட்டத் தகடு) ஒன்று புதிய அச்சுக்குள் தவறிப் போயிருக்கிறது. இன்று வரை கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அதனால் டி எழுத்துள்ள 1982 காசு கையில் வந்தால், 2 வளைந்திருந்தால், தராசில் வைக்காமல் விடாதீர்கள். மற்ற ஏழும் புழங்கிய காசென்றால் மதிப்பு பெரிதாக ஒன்றுமில்லை; அந்த ஆண்டு மட்டும் 1,600 கோடிக்கும் மேல் அடித்திருக்கிறார்கள். இருந்தாலும் ஏழையும் சேர்த்து முடிப்பது நல்ல பயிற்சி. ஒரு டாலர்கூடச் செலவாகாது, கண்ணும் கையும் தயாராகிவிடும். நான் தொடங்கியது அப்படித்தான். ஏழாவது கிடைத்த அன்று இருந்த மகிழ்ச்சி, அப்புறம் காசு கொடுத்து வாங்கிய எந்த நாணயத்திலும் வரவில்லை.

1983 காசுகளையும் நிறுத்துப் பாருங்கள். துத்தநாகமாக இருக்க வேண்டிய ஆண்டு அது. பழைய செம்பு வில்லையில் விழுந்து 3.1 கிராம் வரும் 1983 காசுகள் மிகச் சில கிடைத்து, ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போயிருக்கின்றன.

மூன்றாம் படி: ஆண்டுக்குக் கீழே உள்ள எழுத்து

இது சுருக்கமான வேலை. ஆண்டு எண்ணுக்கு அடியில் டி இருந்தால் டென்வர், எஸ் இருந்தால் சான் பிரான்சிஸ்கோ, ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் பிலடெல்பியா. எழுத்தே இல்லை என்பதைப் பிழை என்று காட்டி ஏமாற்றும் விளம்பரங்கள் நிறைய, நம்பாதீர்கள். எஸ் எழுத்து 1975க்குப் பிறகு வந்தால், அது சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடி போல மெருகேற்றி அடித்த தனித்தொகுப்புக் காசு. யாரோ தொகுப்பைப் பிரித்துச் செலவழித்திருக்கிறார்கள். 2017இல் மட்டும் பி என்ற எழுத்து இருக்கும். நாணயச்சாலையின் 225ஆம் ஆண்டுக்காகப் பிலடெல்பியா தன் எழுத்தைப் பென்னியில் போட்ட ஒரே ஆண்டு அது. எண்ணிக்கை ஏராளம் என்பதால் மதிப்பு ஒரு சென்ட்தான், ஆனாலும் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: இரட்டித்த எழுத்து

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காசை அடிக்கும் அச்சுக்கும் ஒரு தாயச்சு உண்டு. பழைய முறையில் தாயச்சை ஒரு தடவை அழுத்தினால் உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. அச்சை எடுத்துச் சூடுகாட்டி, மறுபடி வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் முறை ஒரு நூலிழை திரும்பி உட்கார்ந்துவிட்டால், அச்சிலேயே எழுத்துகள் இரட்டித்துவிடும். அப்புறம் அந்த அச்சில் அடிக்கும் ஒவ்வொரு காசும் ஒரே மாதிரி இரட்டித்தே வரும்.

1955இல் பிலடெல்பியாவில் நடந்தது இதுதான். ஆண்டு எண்ணும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரிந்தன. நாணயச்சாலையில் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்தக் காசுகள் நல்ல காசுகளோடு கலந்து போயிருந்தன. எல்லாவற்றையும் உருக்குவதற்குப் பதில் அப்படியே வெளியே விட்டார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் வெளியே போயின. அன்று இயந்திரத்தில் விற்ற சிகரெட் பெட்டி ஒன்று 23 சென்ட். இயந்திரம் வாங்குவதோ 25 சென்ட். மீதி இரண்டு பென்னியைப் பெட்டியின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள். இரட்டித்த பென்னிகள் பலர் கைக்குப் போனது அந்த வழியாகத்தான். இன்று அவற்றில் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல்.

அதே வகையில் 1969 எஸ், 1972 காசுகளும் உண்டு. 1983இல் பூப்பக்க எழுத்துகள் முழுக்க இரட்டித்தவை. 1984இல் லிங்கனின் காதுக்குக் கீழே இன்னொரு காதுமடல். 1995இல் தலைப்பக்கத்தில் லிபர்டி என்ற சொல் தெளிவாக இரட்டித்திருக்கும். இந்தக் கடைசிக் காசு ஏராளமாக வெளியே போனதால், ஜாடியில் கிடைக்க உண்மையிலேயே வாய்ப்புள்ளது. புதுக்கருக்கு மாறாமல் இருந்தால் இருபது முப்பது டாலர் போகும்.

இப்போது எச்சரிக்கை. காசு அடிக்கும் நொடியில் அச்சு தளர்ந்து ஆடினாலும் எழுத்து இரட்டித்தது போலத் தெரியும். அது மதிப்பில்லாதது, மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. வேறுபாடு இதுதான்: உண்மையான இரட்டிப்பில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு இருக்கும், எழுத்து மொத்தத்தில் தடித்திருக்கும், மூலைகளில் பிளவு தெரியும். அச்சு ஆடியதில் எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையாக, படிக்கட்டு போலத் தாழ்ந்திருக்கும். எழுத்து மெலிந்து போயிருக்கும். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடியிருந்தால் மேலே பாருங்கள். குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஏ, எம் இடைவெளி

நினைவகம் உள்ள காசின் பூப்பக்கத்தில் அமெரிக்கா என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் ஏ, எம். 1992 வரை புழக்கக் காசில் இவற்றின் அடிப்பகுதிகளுக்கு இடையே தெளிவான இடைவெளி உண்டு. 1993இலிருந்து ஏறக்குறைய ஒட்டி நிற்கும். மாற்றத்துக்கு முன்பே 1992இல் சில காசுகள் ஒட்டிய எழுத்தோடு வந்துவிட்டன. இவைதான் மிக அரிது, நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். எதிர்த்திசையில், 1998, 1999, 2000 ஆண்டுகளில் தனித்தொகுப்புக்கான அச்சைப் புழக்கக் காசுக்குப் போட்டுவிட்டதால் இடைவெளி உள்ளவை கிடைக்கின்றன. மூன்றில் 1999தான் குறைவு. ஆக ஆண்டு நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டு, அந்த ஆண்டுகளை மட்டும் திருப்பிப் பார்த்தால் போதும். ஒரு ஜாடிக்குக் கால் மணி நேரம் ஆகும்.

ஆறாம் படி: நிலையைப் பார்ப்பது, தேய்க்காமல் இருப்பது

ஒரே ஆண்டு, ஒரே எழுத்து. ஒன்று ஒரு சென்ட், இன்னொன்று ஐம்பது டாலர். காரணம் நிலை. 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. செம்புக் காசுக்கு நிறமும் சேர்த்தி: அடித்த அன்றைய செந்நிறம் மாறாதது, பாதி பழுப்பேறியது, முழுப் பழுப்பு என்று மூன்று வகுப்பு. முதலாவதற்குத்தான் விலை அதிகம்.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். செம்புக்குடம் கறுத்தால் புளியும் உப்பும் போட்டுத் துலக்குவோம், பளபளவென்று ஆகிவிடும். காசில் அதைச் செய்யவே கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர், பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்ததும் காசின் மேற்தோல் அரிக்கப்பட்டு, செயற்கையான இளஞ்சிவப்பு வந்துவிடும். பார்த்த உடனே சேகரிப்பாளருக்குத் தெரியும். மதிப்பில் பாதிக்கு மேல் அந்தக் கணமே போய்விடும். அழுக்கோடு இருக்கட்டும்.

1982க்குப் பிந்தைய துத்தநாகக் காசுகளுக்கு வேறு நோய். செம்புப் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் உள்ளே துத்தநாகம் அரித்துக் கொப்புளம் கிளம்பும். அந்தக் கொப்புளத்தைப் பிழை என்று விற்பார்கள். வெறும் அரிப்புதான்.

ஏழாம் படி: சந்தேகப்படுவது

பெரிய பெயரெடுத்த காசைத்தான் அதிகம் போலி செய்வார்கள். 1943இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், துத்தநாகம் பூசிய எஃகில் பென்னி அடித்தார்கள். வெள்ளி நிறத்தில் இருக்கும், காந்தத்தில் ஒட்டும், 2.7 கிராம். இது சாதாரணக் காசு. தேய்ந்திருந்தால் கால் டாலர் போலத்தான். ஆனால் மிச்சமிருந்த செம்பு வில்லைகள் சில அச்சுக்குள் போய்விட்டன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1947இல் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பள்ளி உணவகத்தில் மீதியாக வாங்கிய காசில் ஒன்று அப்படிப்பட்டது. அவர் அதை வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தார். 2019இல் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது.

இந்தக் கதை தெரிந்தவர்கள்தான் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுகிறார்கள், 1948இல் உள்ள 8ஐச் செதுக்கி 3 ஆக்குகிறார்கள். காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் முலாம். ஒட்டாவிட்டால் 3இன் வாலைப் பாருங்கள். உண்மையான 1943இல் அந்த வால் மற்ற எண்களின் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும். செதுக்கிய 8இல் இறங்காது. இரண்டிலும் தேறினால் மட்டும் அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

கடைசியாக: வைப்பது, விற்பது, எடுத்துப் போவது

தேறிய காசை நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய சதுர அட்டையில் வைத்து, மேலே ஆண்டையும் எடையையும் பென்சிலால் எழுதுங்கள். மெத்தென்ற பிவிசி உறைகள் வேண்டவே வேண்டாம். நான் ஒரு முறை அவற்றில் போட்டு வைத்த காசுகளில் ஒன்றிரண்டு ஆண்டில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறிவிட்டது. அரிசி டப்பா மாதிரி ஈரமில்லாத இடம் நல்லது.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். கட்டணம், தபால் எல்லாம் சேர்த்து ஒரு காசுக்குப் பல பத்து டாலர் ஆகிவிடும். எனவே நூறு டாலருக்கு மேல் போகும் என்று உறுதியாகத் தெரிந்த காசுக்கு மட்டும் அனுப்புங்கள். விலையைத் தெரிந்துகொள்ள, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஏலத்தில் முடிந்த விற்பனைகளைப் பாருங்கள். ஒரு சாதாரண 1982 பென்னிக்கு யார் வேண்டுமானாலும் பத்தாயிரம் டாலர் கேட்கலாம், வாங்க ஆள் வர வேண்டுமே!

செம்புக் காசில் உள்ள உலோகமே ஒரு சென்ட்டைவிடக் கூடுதல் விலை போகும் என்பது உண்மை. அதை நம்பி உருக்க நினைக்க வேண்டாம். பென்னியையும் ஐந்து சென்ட் காசையும் உருக்குவதை 2006 டிசம்பரில் அமெரிக்க அரசு தடை செய்தது. ஊருக்குப் போகும்போது அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெட்டியில் அள்ளிப் போடுகிறவர்களுக்கும் அந்த விதியில் ஒரு வரம்பு உண்டு: பயணி ஒருவர் இந்த இரண்டு வகைக் காசையும் சேர்த்துப் பொதுவாக 5 டாலர் மதிப்பு வரைதான் நாட்டைவிட்டு எடுத்துச் செல்லலாம். பென்னியாக எண்ணினால் 500. பிள்ளைகளுக்கு அது தாராளம். கோதுமைக் கதிர் ஒன்று, நினைவகம் ஒன்று, 2009இன் நான்கு, கேடயம் ஒன்று என்று ஏழு காசை ஒரு அட்டையில் அடுக்கிக் கொடுத்தால், லிங்கனின் கதையை அவர்களே காசைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொள்வார்கள்.